வலது முன் கண்ணாடி

நாளை காலை பத்து மணிக்கு
எஸ்தர் ராணி கார் பார்க்க வருகிறாள்.
சனிக்கிழமை மூன்று மணி வெயில்.
மடிப்பாக்கத்தில், நிழல் என்று சொல்ல முடியாத
ஒரு நிழலில்
கதவைத் திறந்துவைத்து முட்டி போட்டிருக்கிறேன்.

ஏறும்போது ஒன்றும் இல்லை.
இறங்கும்போதுதான், பாதி வழியில்,
ஈர பலூனை யாரோ கட்டைவிரலால் தேய்ப்பதுபோல
கிரீச்.
சைதாப்பேட்டையில் ஓரங்கட்டிய காவலர்
லைசென்ஸ் கேட்க வந்ததை மறந்து
"என்னம்மா இது" என்றார்.

"கிரீஸ் வேணாம். தேங்காண்ணெய் வெக்கவே வெக்காதீங்க,
மண்ணைக் கூப்ட்டு உக்கார வெச்சுக்கும்.
மொதல்ல தொடைங்க, அப்புறம் அடிங்க."
ஜிபி ரோடு இத்ரீஸ்
நானூற்றுப் பத்து ரூபாய் சிலிக்கான் ஸ்ப்ரேயோடு
ஒரு சிவப்புக் குழலும் கொடுத்தார்,
இளநீருக்குக் கொடுப்பதுபோல.

பழைய அடிஸ்கேல். அதன்மேல் பனியன் துணி.
கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு
ரப்பர் பள்ளத்தில் விட்டு இழுத்தேன்.
முதலில் கறுப்பு. அது ரோடு.
பிறகு பழுப்பு. மெட்ரோவுக்குத் தோண்டிய
எல்லாத் தெருக்களும்.
மூன்றாவது முறை ஸ்கேல்
கதவின் வயிற்றுக்குள் இறங்கியது.
சாம்பல் நிறம்.
விரலில் எடுத்துத் தேய்த்தேன்.
மணல் இல்லை.
மைதா மாதிரி. நடுவில் மின்னும்
ஒரு துளி காக்காப்பொன்.

இந்த மண்ணை எனக்குத் தெரியும்.

அந்த டிசம்பரில்
எங்கள் பிரிட்ஜுக்குப் பின்னால் இருந்தது.
இஸ்திரிப் பெட்டியின் துளைகளில் இருந்தது.
பாஸ்போர்ட்டில், விசா ஒட்டாத பக்கங்களுக்கு நடுவில்.
மூன்று தரம் கழுவிய தோசைக்கல்லில்
நான்காவது தோசை வரைக்கும்
பல்லில் கடிபட்டது.
ஏரி வீட்டுக்குள் வந்து
நாலு நாள் தங்கிவிட்டுப் போகும்போது
வைத்துவிட்டுப் போகிற மண்.

வேளச்சேரி ஞானசிகாமணி
டேஷ்போர்டில் உள்ளங்கையை வைத்துச் சொன்னார்:
"தண்ணி பாக்காத வண்டி மேடம்.
வெள்ளத்தப்ப இது மதுரைல நின்னுச்சு, மச்சினன் வீட்டுல."
மச்சினன் பெயரையும் சொன்னார். தெய்வேந்திரன்.
பெயரைச் சொன்னதால் நம்பினேன்.

அப்படியானால் நாலு வருஷமாக
ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும்
இது சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.
நான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினேன்.

ஸ்கேலை வெளியே வைத்து உயரம் பார்த்தேன்.
கைப்பிடிக்கு நாலு விரல் கீழே.
எங்கள் வீட்டில்
கேஸ் அடுப்புக்கு நாலு விரல் கீழே.

அடித்தேன். வேறென்ன செய்ய,
டப்பாவைத் திறந்தாயிற்று.
சிவப்புக் குழலைப் பள்ளத்தில் செருகி
மேலிருந்து கீழே, இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி
ஏழாவது தடவை
கண்ணாடி இறங்கியது,
பொய் சொல்லிப் பழகியவர் குரல்போல
எங்கேயும் தட்டாமல்.

எஸ்தர் ராணி கீழ்ப்பாக்கத்தில் செவிலியர்.
இரவுப் பணி முடிந்து
விடியற்காலை ஷேர் ஆட்டோவில் போகிறவள்.
முதல் கார்.
போனில் இரண்டே கேள்விதான் கேட்டாள்:
ஏசி நல்லா இருக்கா.
தண்ணில நின்ன வண்டியா.
இல்லை என்றேன்.
புதன்கிழமை அது உண்மை.

எனக்கும் ஓர் அண்ணன் இருக்கிறான், ஓசூரில்.
மேட்டு ஊர். தண்ணீர் நிற்காது.
பெயர் கேட்டால் சொல்லிவிடலாம்.

பனியன் துணியில் மூன்று பட்டை:
கறுப்பு, பழுப்பு, சாம்பல்.
குப்பையில் போடவில்லை. அலசவும் இல்லை.
கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டுவிட்டு
வானத்தைப் பார்க்கிறேன்.
மே மாதம்.
ஒரு மேகம் இல்லை.